பற்றவைத்த பின் இரண்டு நாள்

கட்டடம் நிற்குமா, எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். புதுச்சேரி நகருக்குள் இரண்டு அறை கொண்ட ஒரு அலுவலகம் வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் போட்ட கணக்கு தப்பியதில்லை என்று சொல்லிக்கொள்ள முடியும். ஆனால் நான் போட்ட ஒரு கையெழுத்து தப்பியது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த வீடு முஸ்லிம் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஒரு தெருவில் இருக்கிறது. கீழே துணிக்கடை, மேலே குடும்பம், அதற்கும் மேலே திறந்த மொட்டை மாடி. கடைக்காரரைத் தெருவே பாய் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். வீட்டின் பழைய பத்திரம் பிரெஞ்சில் எழுதியது. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். மாடி முழுவதையும் நடுவில் தூண் இல்லாமல் மூடி ஒரு கூடமாக்க வேண்டும், மகளுடைய நிக்காஹ் விருந்து அதிலேயே நடக்க வேண்டும் என்பது பாயின் ஆசை.

இரண்டு சிக்கல் இருந்தது. அந்தச் சுவர்கள் அதிக எடை தாங்காது. தெருவுக்குள் கிரேன் வராது. எடை குறைவாகவும் வேண்டும், ஆட்கள் தோளில் தூக்கிப் போகும்படியும் இருக்க வேண்டும். யோசித்து, அதிவலிமை எஃகுக் குழாய்களில் ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்கள், செய்வது என்று முடிவெடுத்தேன். சாதாரண இரும்புக் குழாய் தாங்குகிற அதே பாரத்தை இந்தக் குழாய் ஏறக்குறைய பாதித் தடிமனில் தாங்கும். மொத்தம் ஆறு ட்ரஸ். ஒவ்வொன்றும் மூன்று துண்டு. துண்டின் ஒவ்வொரு குழாய் முனையிலும் கனமான ஒரு தகட்டைப் பற்றவைத்துவிட்டால், மாடிக்குக் கொண்டுபோன பிறகு தகட்டோடு தகடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கிவிடலாம். ஆக, குழாயும் தகடும் சேரும் இணைப்புகள் நாற்பத்தெட்டு. கூரையின் உயிர் அந்த நாற்பத்தெட்டில்தான் இருந்தது.

இந்த எஃகில் ஒரு தொல்லை உண்டு. வெல்டிங் ராடில் ஈரம் இருந்தால் அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்துகொள்ளும். சாதாரண இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். வலிமையான எஃகு பொறுக்காது, அதுவும் பக்கத்தில் கனமான தகடு இருந்து சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டால். பற்றவைத்த அன்று பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு நாளோ ஒன்றரை நாளோ கழித்து, வெல்டின் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விடும். அதனால்தான் தகட்டை முதலில் சூடாக்க வேண்டும், ராடை ஓவனில் காயவைத்தே எடுக்க வேண்டும், பற்றவைத்து இரண்டு நாள் கழித்தே சோதிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். என் வரைபடத்தில் மூன்றையும் நான்தான் எழுதினேன்.

வேலை சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் நடந்தது. பாதி முடிந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் வேலை நின்றுபோயிற்று. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள்கூட இல்லை. நான் தினமும் போன் செய்து பட்டறை முதலாளியை நச்சரித்தேன். ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

"மேடம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள் காத்திருந்தா கல்யாணத்துக்கு ஆவாது. அன்னன்னிக்கே டெஸ்ட் எடுத்துட்டு பெயிண்ட் அடிச்சிடட்டுமா? நீங்க ஒரு மெயில் போட்டுட்டா போதும்."

யோசித்தேன். அரை மணி நேரம் யோசித்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். முதலில் செய்த இணைப்புகள் எல்லாமே சுத்தமாக இருந்தன. வெல்டர் நல்ல கைக்காரர். இரண்டே வரியில் சம்மதம் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

தூக்கி நிறுத்த மூன்று நாள் இருந்தபோது பட்டறைக்குப் போனேன். சோதிக்கப் போகவில்லை. பாய்க்கு அனுப்ப நான்கு போட்டோ எடுக்கலாம் என்று போனேன். பெயிண்ட் ஷெட்டில் துண்டுகள் எல்லாம் சாம்பல் நிற ப்ரைமர் பூசி வரிசையாக அடுக்கியிருந்தன. ஒரே ஒரு நடுத்துண்டு மட்டும் பூசாமல், தனியாக, சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. போட்டோவில் அது அசிங்கமாகத் தெரியும் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் துண்டுகளைத் துடைத்துச் சுத்தம் செய்ய அங்கே மூன்று பெண்கள் இருந்தார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அதில் மூத்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் கொஞ்சம் மணிலா, அதாவது நிலக்கடலை, பயிர் இருக்கிறது, அது போக மீதி நாளில் இங்கே வேலை. அவரிடம் கேட்டேன்.

"இது ஏன்க்கா அடிக்கல? ப்ரைமர் தீந்துட்டுதா?"

அவர் ஆபீஸ் பக்கம் ஒருமுறை பார்த்தார். கையில் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த பனியன் துணி இருந்தது. அந்தத் துண்டிடம் போனார். குழாயும் தகடும் சேரும் இடத்தைச் சுற்றி, வளையல் கடைக்காரர் கையைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி மெதுவாகத் துடைத்தார். ஒரு இடத்தில் கை நின்றது.

"இங்க நூலு மாட்டுது மேடம். பாருங்க."

குனிந்து பார்த்தேன். துணியிலிருந்து ஒரு இழை பிரிந்து வெல்டின் ஓரத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. இரும்பில் எதுவும் தெரியவில்லை.

"வெல்டிங் பொறி தெறிச்சி சொரசொரப்பா இருக்குமோ?" என்றேன்.

"முதலாளியும் அப்டித்தான் சொன்னாரு, தேச்சிட்டு அடிச்சிடுன்னு. ஆனா முந்தாநேத்து இதே எடத்தத் தொடச்சேன் மேடம். அப்ப மாட்டல. மழத்தண்ணி பட்டுச்சின்னு நேத்து மறுக்கா தொடச்சேன். அப்ப மாட்டுச்சி. பொறின்னா மொத நாளே மாட்டியிருக்கணும்ல? அதான் எனக்கு மனசு கேக்கல. ஓரமா வச்சிட்டேன்."

முந்தாநாள் இல்லை, நேற்று இருக்கிறது. பற்றவைத்து நாள் கழித்து விடும் விரிசல் இப்படித்தான் வரும். அதை எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பட்டறையில் சோதனைச் சாயம் இருந்தது. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன சாயம் வெள்ளையில் ஊறி வெளியே வரும். நானே தெளித்தேன். முதலாளியும் வெல்டரும் வந்து நின்றார்கள். முதல் இரண்டு நிமிடம் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பிறகு, நெல்மணி நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அடித்த ப்ரைமரை எல்லாம் வழித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று பெண்களும், தாங்களே துடைத்து, தாங்களே பூசியதை, அன்றைக்கும் மறுநாளும் உட்கார்ந்து சுரண்டி எடுத்தார்கள். ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை. நாற்பத்தெட்டு இணைப்பையும் சோதித்தோம். ஒன்பதில் விரிசல். ஒன்பதும் நான்கு நடுத்துண்டுகளில் மட்டும் இருந்தன.

வெல்டர் அரியாங்குப்பத்துக்காரர், முப்பது வயது. எந்தத் துண்டை என்றைக்குப் பற்றவைத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. நோட்டைப் பிரித்துப் பார்த்தார். நான்கு துண்டும், வேலை மறுபடி தொடங்கிய பிறகும் மழை முழுதாக விடாதிருந்தபோது, இரண்டே நாளில் செய்தவை. நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்.

"அந்த ரெண்டு நாளும் ராடு ஓவன் சூடாவல மேடம். காயில் போயிடுச்சி. புது பாக்கெட்டுதானே, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிட்டேன். சொல்லியிருக்கணும். சொல்லல."

அவர் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். ஓவன் இப்போது சரியாகிவிட்டது, யாருக்கும் தெரிந்திருக்காது. முதலாளி அவரைத் திட்ட ஆரம்பித்தார். நான் போனைத் திறந்து என் மெயிலை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

"அவர திட்டாதீங்க. ரெண்டு நாள் காத்திருந்திருந்தா இது அப்பவே தெரிஞ்சிருக்கும். வேணாம்னு எழுதிக் குடுத்தது நானு."

அதற்குப் பிறகு ஷெட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அப்போதே அந்த அக்கா மீதும் வெல்டர் மீதும் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

விரிசல் விட்ட இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பப் பற்றவைத்தால் ஆகாதா என்று முதலாளி கேட்டார். மறுபடி மறுபடி சூடு பட்டால் இந்தக் குழாய் பலம் இழந்துவிடும். வெட்டினால் நீளம் குறையும். நான்கு நடுத்துண்டையும் புதிதாகவே செய்ய வேண்டும் என்றேன். குழாய் சென்னையிலிருந்து வர வேண்டும். கல்யாணத்துக்குள் நடக்காது.

பாயிடம் சொல்லப் போவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. முதலாளி எனக்கு ஒரு வழி சொல்லிப் பார்த்தார். "மழையால லேட்டுன்னு சொல்லிடுவோம் மேடம், பொய்யும் இல்லயே." வேண்டாம் என்றேன். மறுநாள் காலை நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போது பாய் கடை வாசலில் முதலாளியும் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடாமலே வந்திருந்தார்.

கடையின் பின்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல் விட்ட போட்டோவைக் காட்டினேன். பாயின் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். பாய் போட்டோவை வாங்கிப் பார்த்தார்.

"அப்போ காத்திருக்க வேணாம்னு கையெழுத்து போட்டது நீங்க," என்றார்.

"ஆமா பாய்."

"பத்திரிகை அடிச்சிட்டேன். எல்லாத்துக்கும் குடுத்துட்டேன். எடம் இந்த வூடுன்னு போட்டிருக்கு."

"தெரியும் பாய்."

அவருக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். எழுந்து கடைக்குள் போய், ஒரு துணிக் கட்டைப் பிரித்து, மறுபடி மடித்து வைத்தார். பிரித்ததற்கும் மடித்ததற்கும் அவசியம் இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்போது அவர் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இத மொதல்ல கண்டது யாரு?"

துணி வைத்துத் துடைக்கிற அக்காவைப் பற்றிச் சொன்னேன். நூல் மாட்டியதைச் சொன்னேன். முதலாளி அடித்துவிடு என்று சொல்லியும் அவர் பூசாமல் ஓரமாக வைத்ததை முதலாளியே சொன்னார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

பாயின் மனைவி கடைப்பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார். "அன்னிக்கி அந்தக் கூரைக்கிக் கீழ இருநூறு பேரு ஒக்காந்திருப்போம். நம்ம புள்ளயும் ஒக்காந்திருக்கும். எடம் மாறினா மாறிட்டு போவுது. அந்தம்மாவுக்கு ஒரு பத்திரிகை எழுதுங்க."

பாய் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆறின டீயைக் குடித்தார். "பந்தல் போட்டுக்கலாம்," என்றார். பிறகு என்னிடம், "நீங்க நேரா வந்து சொன்னீங்க. அத நான் மறக்க மாட்டேன். கையெழுத்தயும் மறக்க மாட்டேன்," என்றார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டையும் அவர் மறக்காமல் இருப்பதுதான் நியாயம்.

கல்யாணம் தெருவில் பந்தல் போட்டு நடந்தது. விருந்து பாதியில் தூறல் போட்டது. எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் முன் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனார்கள். மூன்று வீட்டுக் கூடத்தில் ஒரே கல்யாணச் சாப்பாடு நடந்தது. யார் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் அலைந்தார்கள்.

அந்த அக்கா தன் நாத்தனாரோடு பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய வறுத்த மணிலாக் கொட்டை. பாயின் மனைவி அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பெண்கள் வரிசையில் தன் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். வருகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்து, நீங்கதானா அது என்று கேட்டார்கள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"நூலு மாட்டுச்சி, சொன்னேன். அவ்ளோதாங்க," என்று ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். மணப்பெண் அவர் அருகில் வந்து, மருதாணிக் கையால் அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, துக்கத்தால் அல்ல.

புதுக் குழாய் வந்தது. பற்றவைக்கும்போது நானும் கூட இருந்தேன். ராடை ஓவனிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் வெல்டர் என்னைக் கூப்பிட்டு ஓவன் முள்ளைக் காட்டினார். நான் கேட்கவே இல்லை. தகட்டை கேஸ் சுடரால் சூடாக்கி, குறிப்பிட்ட சூட்டில் உருகும் ஒரு சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்து, அது உருகிய பிறகே ராடை வைத்தார். நான்கு துண்டு, பதினாறு இணைப்பு. பிறகு இரண்டு நாள் யாரும் அவற்றைத் தொடவில்லை. அந்த இரண்டு நாளும் ஆபீஸில் உட்கார்ந்து வேறு வேலை பார்த்தேன் என்று பெயர். மூன்றாம் நாள் சாயம் போட்டோம். வெள்ளை வெள்ளையாகவே நின்றது. அப்புறமும் அந்த அக்காவைக் கூப்பிட்டு, பதினாறையும் ஒருமுறை துடைக்கச் சொன்னேன். விதியில் அது இல்லை. என் மனசுக்காக.

தூக்கியது ஒரு வெள்ளிக்கிழமை. துண்டுக்கு எட்டுப் பேர் வேண்டும். ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். மதியத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள், வெள்ளைச் சட்டையோடு தோள் கொடுத்தார்கள். சட்டையில் எல்லாம் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டது. தெரு முனையில் திருப்பும்போது ஒருவர் தன் ஸ்கூட்டரைத் தூக்கிப் பக்கத்து வாசலுக்குள் வைத்தார். மாடியில் தகட்டோடு தகடு சேர்ந்து, போல்ட் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக நின்றபோது, வெல்டர் ஒரு போல்ட்டைக் கையாலேயே சுலபமாக உள்ளே தள்ளிக் காட்டினார். ஆறாவது ட்ரஸ் ஏறி முடிந்ததும் பாய் மேலே வந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார். கீழே போய் எல்லோருக்கும் சர்பத் அனுப்பினார்.

இன்று அந்தக் கூடத்தில் தெருப் பிள்ளைகள் சாயங்காலம் படிக்கிறார்கள். பாய் வேறு இரண்டு வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்தார். செய்யும்போது, இந்த அம்மா தப்பு பண்ணினா வந்து சொல்லும் என்றுதான் அறிமுகம் செய்தாராம். அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

பட்டறை முதலாளி அந்த அக்காவை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, சோதனை செய்யும் வேலைக்குப் பயிற்சி தருகிறேன், அந்த வேலையைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நாங்கள் இருவருமே எதிர்பார்த்தோம்.

"வேணாம் சார்," என்றார். "டெஸ்ட்டுன்னா எல்லாரும் போனப்பறம்தான் ஆரம்பிக்கிறாங்க. நாலரை பஸ்ஸ உட்டா எனக்கு அப்பால ஏழு மணிக்குத்தான். மாடு வேற இருக்கு."

"வேற இன்னா வேணும், சொல்லுங்க," என்றார் முதலாளி.

அவர் தயங்கவே இல்லை. ரொம்ப நாளாக மனதில் இருந்தது போலிருக்கிறது.

"பெயிண்ட் ஷெட்டுல தின்னர் நாத்தம் தாங்கல சார். காத்த வெளிய இழுக்கற ஃபேன் ஒண்ணு போடுங்க. நாங்க மூணு பேருமே கேக்கறோம்."

எத்தனையோ முறை அந்த ஷெட்டுக்குள் நின்றிருக்கிறேன். அந்த நாற்றம் என் மூக்கிலும் ஏறியிருக்கிறது. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறவளுக்கு அது தோன்றவே இல்லை. அந்த வாரமே முதலாளி இரண்டு பெரிய ஃபேன் போட்டார். கையுறையும் நல்ல முகமூடியும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் வேறொரு வேலையாகச் சேதராப்பட்டுக்குப் போயிருந்தேன். ஃபேன் ஓடும் சத்தம் வாசல்வரை கேட்டது. அக்கா முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஃபேன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இப்பல்லாம் வூட்டுக்குப் போனா தலவலி இல்ல மேடம்," என்றார்.